கட்டைச் சுவரில் சிமெண்ட் நிற்குமா?

கேள்வி: கனகபுரா சாலையில் எங்கள் தோட்டத்துக் குடில், உருளைக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது. இடைவெளிகளில் மேஸ்திரி பூசிய சிமெண்ட் இரண்டே வருடத்தில் விட்டுப்போய், சாரல் உள்ளே அடிக்கிறது. மேலே இன்னொரு கை பூசலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பூசாதீர்கள் அம்மா. மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை, மரத்தோடு சிமெண்ட் ஒத்துப்போகாது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே நன்றாகச் சுருங்கும். 25 செ.மீ. பருமனுள்ள பச்சைக் கட்டை 5 சதவீதம் சுருங்கினாலே 12 மி.மீ. போய்விடும். காய்ந்த பிறகும் மழையில் உப்பும், வெயிலில் ஒடுங்கும். சிமெண்ட் அசையாததால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதில் இறங்கும் தண்ணீர் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, கீழ்க்கட்டையின் முதுகை ஊறவைக்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புட்டு மாதிரி உதிர்ந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

பழைய சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அழுகலைத் தடுக்கும் போரேட் கரைசல் தடவிக் காயவிடுங்கள். மரத்தின் ஈரம் ஈரமானியில் 18 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்குத் தோதான காலம்.

அடுத்து பேக்கர் ராட் எனப்படும் ஃபோம் கயிறு. இடைவெளியைவிடக் கால் பங்கு தடிமன் கூடுதலாக வாங்குங்கள்: 20 மி.மீ. இடுக்குக்கு 25 மி.மீ. கயிறு. அதன்மேல் கட்டைச் சுவருக்கென்றே வரும், இழுபடும் அக்ரிலிக் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) 10 மி.மீ. கனத்தில். இந்தக் கணக்குக்கு 300 மி.லி. குழாய் ஒன்றரை மீட்டர் வரும். ஈரக் கரண்டியால் வழித்து, தண்ணீர் வெளியே வழியும்படி சரிவு விடுங்கள். உச்சிவெயில் படும் சுவரில் பூசினால் மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து கொப்புளம் கட்டும். இரண்டு நாள் மழை படாமல் தார்ப்பாய் கட்டிவையுங்கள்.

கயிற்றைச் சேர்ப்பது வெறும் அடைப்புக்காக அல்ல. சீலண்ட் மேல்கட்டை, கீழ்க்கட்டை இரண்டில் மட்டும் பிடிக்க வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் கிழியும். ஃபோமில் அது ஒட்டாது.

கேள்வி: ஃபோமுக்குப் பதில் தேங்காய் நார் அடைத்தால் என்ன?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: ரஷ்யா, பின்லாந்தில் பாசியும் நாரும் வைப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அங்கே கட்டையைக் குடைந்து ஒன்றின்மேல் ஒன்று பொருத்தமாக உட்காரவைப்பார்கள். மேல்கட்டையின் பாரத்தில் நார் இறுகிவிடும். திறந்த இடுக்கில் திணித்த நார் தளர்ந்து, சாரலை உறிஞ்சிப் பிடித்துவைக்கும், சீலண்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்ப்ரே ஃபோமும் வெளிப்பக்கம் வேண்டாம். வெயிலில் மஞ்சளித்துப் பொடியாகும்.