47 வயதில் மறுபடியும் பாடமா?

கேள்வி: அம்பத்தூரில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கராக இருக்கிறேன். வயது 47. புது மென்பொருள் வரப்போகிறது. இளைஞர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வேலை நிலைக்குமா?
- வாசகர், கொரட்டூர்

பதில்: 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய வாட் வரிக் கணக்கை மூட்டை கட்டிவிட்டுப் புதிதாகக் கற்றவர்தானே நீங்கள்? 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிய வேண்டிய மின்னணு பில்) கட்டாயமானது; அதையும் பார்த்துவிட்டீர்கள். பிறகு என்ன பயம்?

பில்லைப் பதிவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு சப்ளையரின் பில் 2பி அறிக்கையில் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை ஜி.எஸ்.டி. தளம் காட்டும் பட்டியல்) ஏன் வரவில்லை, அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் உங்களைப் போன்றவருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கமாக நகருங்கள். முதலில் எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் பழகுங்கள். கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் ஒப்பிட அரை நாள் ஆகிறதென்றால் அது அரை மணியாகச் சுருங்கும். முதலாளி கண்ணில் படுவதும் அதுதான்.

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். (உங்கள் வயதில் சான்றிதழை யார் கேட்கப்போகிறார்கள்?) ‘வேலை உறுதி’ என்று பேருந்து நிழற்குடையில் சுவரொட்டி ஒட்டும் பயிற்சி நிலையங்களுக்குப் பி.எஃப். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

புது மென்பொருளுக்கு நிறுவனமே பயிற்சி நடத்தினால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். அந்த இளைஞர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். டி.டி.எஸ். வரிப் பிடித்தம் பற்றி அவர்களும் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கும்.