கூடத்தில் கோட்டைக்கு இடம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 7 வயது. என் கணவர் சின்ன வயதில் ஜி.ஐ.ஜோ என்ற படைவீரர் பொம்மைகள் சேர்த்தவர். அன்று கிடைக்காத பெரிய கோட்டை செட் ஒன்றை இப்போது மகனுக்கு வாங்கித் தர ஆசைப்படுகிறார். சமூக வலைத்தளத்தில் ஒருவர், ஹீ-மேன் கதையில் வரும் காஸில் கிரேஸ்கல் கோட்டையை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தருவதாக 32,000 ரூபாய் சொல்கிறார். 2,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்துவிட்டோம். பாதிப் பணத்தை இந்த வாரம் அனுப்பச் சொல்கிறார். நாங்கள் இருப்பது இரண்டு படுக்கையறை வாடகை வீடு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இவ்வளவு பெரிய செட்டை வைத்து விளையாடுகிறார்களா? — திருச்சி வாசகி

பதில்: சகோதரி, பாதிப் பணத்தை இந்த வாரம் அனுப்பாதீர்கள். அடுத்த வாரமும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் உங்கள் மகன்.

விளையாடுவான். செல்போன் வந்தபிறகு பிள்ளைகள் பொம்மையைத் தொடுவதில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 25 வருடமாகப் பொம்மை விற்கிறேன், பழுது பார்க்கிறேன். 7 வயதுப் பையன் முன்னால் கதவு திறக்கும் கோட்டையையும் நாலு வீரர்களையும் வைத்துவிட்டு நகர்ந்தால், பத்து நிமிடத்தில் அவனுக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்துவிடும். அது 1985இலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மாறியது பிள்ளை இல்லை, வீடு.

இந்தப் பெரிய செட்டுகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இது புரியும். 1964இல் வந்த முதல் ஜி.ஐ.ஜோ பொம்மை 12 அங்குலம். அந்த உயரத்துக்கு ஒரு கோட்டை கட்டினால் ஓர் அறையே போய்விடும். 1978இல் கென்னர் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் படத்தின் பொம்மைகளை மூன்றே முக்கால் அங்குலத்தில் கொண்டுவந்தது. ஆள் சின்னதானதும் அவன் ஏறும் விமானமும் அவன் ஒளிந்துகொள்ளும் குகையும் வீட்டுக்குள் அடங்கின. 1982இல் ஜி.ஐ.ஜோவும் அதே உயரத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு வந்ததுதான் 1985இன் விமானம் தாங்கிக் கப்பல், யூ.எஸ்.எஸ். ஃபிளாக். ஏழரை அடி நீளம், நம் கட்டிலைவிட நீளம். அமெரிக்காவில் பல வீடுகளில் நிலவறை உண்டு. அங்கே அந்தக் கப்பல் மாதக்கணக்கில் விரித்தபடியே கிடக்கலாம், யார் காலிலும் இடறாது. பொம்மை ஆட்களை வைத்து விளையாடும் இப்படிப்பட்ட பெரிய ப்ளேசெட் என்ற சரக்கே அப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்துச் செய்ததுதான்.

நம் ஊருக்கு ஜி.ஐ.ஜோ சென்னை வழியாக வந்தது. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987இல் தொடங்கி, ஜி.ஐ.ஜோ வீரர்களை இந்தியாவிலேயே தயாரித்து விற்றது. உங்கள் கணவர் கையில் இருந்தவை பெரும்பாலும் அவைதான். அந்த ஏழரை அடிக் கப்பலைப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய தலைமுறை அவருடையது. அந்த ஏக்கம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது அவருடையது, மகனுடையது இல்லை.

உங்களிடம் விற்க வருபவர் இந்த இடத்தில்தான் இரண்டையும் கலக்கிறார். "செம டிமாண்ட் சார்" என்பார். டிமாண்ட் இருப்பது நிஜம். அது நாற்பது வயதுக்காரர்களிடம். 2018இல் அமெரிக்காவில் டாய்ஸ் ஆர் அஸ் கடைகள் மூடின. பெரிய பெட்டிகளை அடுக்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிய கடைகள் அவை. அதே வருடம் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மை நிறுவனம் நாலு அடி நீள ஸ்டார் வார்ஸ் படகு ஒன்றை, முன்பணம் கட்ட 5,000 பேர் சேர்ந்தால் மட்டும் செய்வோம் என்று அறிவித்தது. விலை 500 டாலர். 8,810 பேர் கட்டினார்கள். 500 டாலர் கட்டிவிட்டு, அது செய்து முடியும்வரை காத்திருப்பவர் சேகரிப்பாளர்தான். 7 வயதுப் பிள்ளை காத்திருக்காது. சேகரிப்பாளர்கள்கூட எல்லாவற்றையும் வாங்குவதில்லை. 2021இல் அதே நிறுவனம் அறிவித்த ரான்கார் என்ற ஸ்டார் வார்ஸ் ராட்சத மிருகத்துக்கு 9,000 பேர் தேவைப்பட்டது, சேரவில்லை, கைவிட்டார்கள். 2024இன் முதல் மூன்று மாதங்களில் அமெரிக்கப் பொம்மைச் சந்தையில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்காக நடந்த விற்பனையை, பெரியவர்கள் தங்களுக்கென்று வாங்கியது முந்திவிட்டது என்று சர்கானா என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சொன்னது. ஆக, பெரிய செட் விற்கிறதா என்பது ஒரு கேள்வி, பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்பது வேறு கேள்வி.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நான் எல்லாரிடமும் சொல்லும் சோதனை இது. கோட்டை எங்கே இருக்கப்போகிறது என்று முடிவு செய்து, அந்த இடத்தில் செய்தித்தாள் இரண்டு தாளை விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். 15 நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பெருக்கும்போது, துடைக்கும்போது, விருந்தாளி வரும்போது, துணி மடிக்கும்போது அதை எடுக்கக் கூடாது. 15 நாள் தாண்டியும் தாள் அங்கேயே இருந்தால் உங்கள் வீட்டில் கோட்டைக்கு இடம் இருக்கிறது. நாலாம் நாளே சுருட்டி வைத்தீர்கள் என்றால் கோட்டையும் அப்படித்தான் போகும். ராத்திரி எடுத்து வைத்து மறுநாள் மறுபடி பரப்ப வேண்டிய செட் ஒரு மாதத்துக்குள் பரணில்தான் இருக்கும். பிள்ளையின் கதை நேற்று விட்ட இடத்திலேயே காத்திருந்தால்தான் அவன் பள்ளி விட்டு வந்ததும் நேரே அங்கே ஓடுவான். கிரேஸ்கல் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 1982இல் மேட்டல் நிறுவனம் அதைச் செய்தபோதே கீல் வைத்து, புத்தகம்போல இரண்டாகத் திறந்து மூடும்படி செய்தது. மூடினால் ஒரு மூலையில் அடங்கும்.

இன்னொன்று ஆட்கள். கோட்டை மட்டும் வாங்கித் தந்தால் அது காலி வீடு. குறைந்தது நாலைந்து வீரர்கள் வேண்டும், ஒருவன் கை உடைந்தால் இன்னொருவன் உள்ளூரில் கிடைக்க வேண்டும். கிரேஸ்கல் ஆட்கள் ஐந்தரை அங்குலம். எல்லாரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது சேகரிப்பாளரின் கவலை. உங்கள் மகன் டைனோசரையும் பிளாஸ்டிக் மாட்டையும் கோட்டைக்குள் குடியேற்றுவான், அதைத் திருத்தாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை நான் விடாமல் சொல்வேன்: கொலு வைக்கும் வீடு. உங்கள் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ கொலு வைக்கும் பழக்கம் இருந்தால் இடம் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்பது நாள் கூடத்தையே படிகளுக்குக் கொடுக்கிற வீடு அது. படிக்குப் பக்கத்தில் 'பார்க்' வைப்போமே, மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, தெப்பக்குளத்துக்குக் கண்ணாடி பதித்து, ரயில் ஓடவிட்டு, கிரிக்கெட் செட்டை நிறுத்தி. அந்த பார்க்கும் ப்ளேசெட்டும் ஒரே விளையாட்டுதான். ஊரைக் கட்டி ஆட்களைக் குடிவைப்பது. சொல்லப்போனால் பார்க் ஒரு படி மேல், ஏனென்றால் அதைப் பிள்ளையே கட்டுகிறான். அப்படிப்பட்ட வீட்டில் கோட்டை ஒரு மாதத்தில் சலிக்காது. வருடத்தில் எட்டு மாதம் பரணில் இருந்தாலும், மறுபடி இறங்கும்போது பிள்ளைக்கு அது புதுசு. பரண் என்றால் மறதி என்று மேலே சொன்னேன். கொலு வீட்டில் மட்டும் பரண் என்றால் அடுத்த புரட்டாசி. நவராத்திரிக்கு அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக விளையாடும் பிள்ளைக்கு இரண்டு வாரம் வரும் செட் நாலு பிள்ளைகளுக்கு நாலு வருடம் வரும். ஆகவே உங்கள் வீட்டில் கொலு உண்டா என்பதை எனக்கு எழுதாமல் விட்டீர்களே என்றுதான் வருத்தம்.

இனி அந்த 32,000. அவர் சொல்லும் விலையில் பொம்மை எவ்வளவு, கூரியர் எவ்வளவு, சுங்கம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மாட்டார். பெரிய பொம்மைக்குக் கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். 60க்கு 50க்கு 30 என்று ஒரு பெட்டி இருந்தால், உள்ளே நாலு கிலோ இருந்தாலும் கணக்கு 18 கிலோ. அதற்கு மேல் சுங்கம். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. இதைத் தவிர்க்க "கிஃப்ட் என்று போட்டு, விலையைக் குறைத்துக் காட்டி அனுப்புகிறோம்" என்பார்கள். பார்சலில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் அடையாளச் சான்று. சுங்கத்தில் நின்றுபோனால் கேள்வி உங்களுக்கு வரும். அவர் போனை எடுக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பாதிப் பணம் கொடுத்துப் பதினோரு மாதம் காத்திருந்தது. கடைசியில் வந்தது வேறொரு நகல் செட், பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க ரசாயன நெடி. "இதை உடைக்காமல் வைத்தால் விலை ஏறும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். நிறுவனம் அதையே மறுபடி தயாரித்தால் விலை இறங்கும். அப்புறம், பிரிக்காமல் வைக்கிற பொம்மையைப் பிள்ளைக்கு வாங்கியதாகச் சொல்வது என்ன நியாயம்?

கடையில் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. நல்ல சட்டம். ஆனால் அதை நடத்தும் விதம் எனக்கு ஆத்திரம் தருகிறது. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒவ்வொன்றும் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும், அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வருடத்துக்குச் சில நூறு விற்கும் பெரிய செட்டுக்கு யார் இந்தச் செலவைச் செய்வார்கள்? ஒழுங்கானவர்கள் சரக்கைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள். நடைபாதையில் முத்திரையில்லாத பொம்மை மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. முறையாக விற்க வழி குறைந்ததால்தான், முன்பணம் கேட்கிற இந்த ஆட்கள் முளைத்தார்கள். சோதிக்க ஆள் போதாது என்றால் ஆளைக் கூட்ட வேண்டும். தாய்மார்களை இவர்களிடம் அனுப்பக் கூடாது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது. ஃப்ரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். கணவரும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் கோட்டை வெட்டட்டும், ஏறி இறங்கும் கதவுக்குக் கயிறு கட்டட்டும். முத்திரையுள்ள வீரர்கள் நாலு பேரை வாங்கிக் குடிவையுங்கள். செய்தித்தாள் விரித்த அதே இடத்தில் அது இருக்கட்டும். ஒரு மாதம் கழித்தும் மகன் தினமும் அங்கே உட்கார்ந்தால், பிளாஸ்டிக் கோட்டைக்குச் செலவு செய்யலாம், நம்பிக்கையான உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி. கணவருக்குத் தனக்கென்று ஒன்று வேண்டுமென்றால் அதையும் மறுக்காதீர்கள். அவர் மேசைமேல் அவருடையதாக இருக்கட்டும். மகன் தொட்டால் திட்டு விழும் பொம்மையை மகன் பெயரில் வாங்க வேண்டாம்.

பதிவுப் பணம் 2,000ஐ எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசித் தீர்க்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணோடு ரசீதும், சரக்கை இறக்குமதி செய்பவர் பெயரும் கேளுங்கள். பேச்சு முழுவதையும், பணம் போன விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர் கணக்கையே மூடிவிட்டுக் காணாமல் போனால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் சொல்லுங்கள், தாமதித்தால் பணத்தைப் பிடிப்பது கஷ்டம்.