பில்லில் இன்னொருவர் பெயர் விழுகிறது, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். பிரவுசரில் ஓடுகிற பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றை ஒருவரிடம் செய்து வாங்கினேன். கணக்குப்பிள்ளைக்கும் எடை போடும் பையனுக்கும் தனித்தனி லாகின். ஆனால் பையன் போடுகிற பில்லில் கணக்குப்பிள்ளை பெயர் வருகிறது. செய்து கொடுத்தவரைக் கேட்டால் "பிரவுசர் அப்படித்தான்" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே குரோமில் ஆளுக்கொரு டேப் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்களா? அப்படியென்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லாகின் ஆனதும் சர்வர் ஒரு செஷன் எண்ணை, அதாவது அந்த லாகினுக்கான அடையாள எண்ணை, குக்கீயாக (பிரவுசர் சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பாக) கொடுக்கும், அதற்கப்புறம் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பிரவுசர் அந்த எண்ணைக் காட்டித்தான் இன்னார் என்று சொல்கிறது. எல்லா டேப்புக்கும் அந்தக் குக்கீ பொதுதான், அதனால் இரண்டாவது ஆள் லாகின் செய்ததுமே முதல் ஆள் காணாமல் போய்விடுவார். ஆளுக்கொரு குரோம் புரொஃபைல் (குரோமுக்குள்ளேயே குக்கீகள் கலக்காத தனிக் கணக்கு) போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

தனித்தனி மெஷினிலும் இதே கதை என்றால் தப்பு சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்தவருடையது. உள்ளே இருப்பவர் பெயரைச் செஷனில் வைக்காமல் எல்லோருக்கும் பொதுவான ஒரு இடத்தில் வைத்திருப்பார் என்பதுதான் என் சந்தேகம், கடைசியாக நுழைந்தவர் பெயர் முந்தினவர் பெயரை அழித்துவிடும். இரண்டு போன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கணக்குப்பிள்ளை, அப்புறம் மற்றதில் பையன் லாகின் செய்யட்டும். உடனே கணக்குப்பிள்ளை ஒரு பில் போடட்டும். பையன் பெயர் வந்தால் சந்தேகமே வேண்டாம். அதை வீடியோவாக எடுத்து வையுங்கள். அப்படியே லாக் அவுட் செய்துவிட்டு பேக் பட்டனை அழுத்தி ஒரு பில்லைச் சேமித்துப் பாருங்கள், சேமித்துக்கொண்டால் அது இன்னும் மோசம்.

வீடியோவோடு, கெடு தேதி போட்டு, சரி செய்யச் சொல்லி மெயில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு உதவாது. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் புகார் போட வேண்டும். ஒரு சிக்கல், வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்காது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது என்றால் விலக்கு உண்டு, ஆனால் ஆள் வைத்து நடத்தும் மண்டி என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும், அதனால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நடுவில் பராமரிப்புக் கட்டணம் என்று கேட்டு வந்தால், இது சரியான பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.