கேள்வி நேரம்: செத்த குதிரையில் வைரஸைத் தேடுவது எப்படி?

குதிரை செத்து ஒரு வருஷம் ஆன பிறகு, அதைக் கொன்றது வைரஸ்தான் என்று சொல்ல முடியுமா? உடம்பே இருக்காதே! – கா. செந்தில்வேல், திண்டுக்கல்

உடம்பு வேண்டாம், சுண்டுவிரல் நகமளவு திசு போதும். ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 1994 ஆகஸ்டில் குயின்ஸ்லாந்து மாநிலம் மக்கே பக்கத்துப் பண்ணை ஒன்றில் இரண்டு குதிரைகள் செத்தன. அவகாடோ விஷம், பாம்புக்கடி என்று ஆளுக்கொரு காரணம் எழுதி விஷயத்தை முடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் பந்தயக் குதிரைகள் மூச்சுத் திணறி, மூக்கில் நுரை தள்ளிச் சாக, பயிற்சியாளர் விக் ரெயிலும் இறந்துபோனார். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் உள்ள விலங்குநோய் ஆய்வகம் புது வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தது. அதுதான் ஹெண்ட்ரா வைரஸ்.

மக்கேயை அப்போது யாரும் நினைக்கவில்லை. அங்கே குதிரைகளை அறுத்துப் பார்த்தபோது கூட நின்று உதவிய பண்ணைக்காரர், 1995 அக்டோபரில் மூளைக்காய்ச்சலில் இறந்தார். அவர் உடலில் ஹெண்ட்ரா இருப்பது தெரிந்ததும், சேமித்து வைத்திருந்த குதிரைத் திசுக்களைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். இரண்டிலுமே வைரஸின் தடயம்! பாம்பு பாவம், பழி சுமந்ததுதான் மிச்சம்.

அந்தப் பழைய திசுவில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? – ரா. மீனாட்சி, கோவை

திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறிய திசுவை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, அதை முடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். முதலில் சாதாரணச் சாயம். நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்ச் சுவரில் பல செல்கள் ஒன்றாக ஒட்டிப்போய், ஒரே பையில் நாலைந்து உட்கருக்களோடு பூதம் மாதிரி நின்றால் நோயியல் நிபுணர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் ஹெண்ட்ரா குறிவைப்பதே ரத்தக்குழாயின் உட்சுவரைத்தான். நுரையீரலில் நீர் கோப்பதும் மூக்கில் நுரை வருவதும் அதனால்தான். அப்புறம் அந்த வைரஸின் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை ஊற்றி, அது ஒட்டிய இடம் மட்டும் நிறம் மாறும்படி செய்வார்கள். வைரஸ் இருக்கிறது என்பதோடு, எந்தச் செல்லில் இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வைரஸின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையால் இந்த இடத்தைக் காட்ட முடியாது.

ஆனால் வேகத்துக்குப் பிசிஆர்தான். ஃபார்மலின், வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும் என்பதால், அதற்குப் புதுத் திசுவோ ரத்தமோ இருந்தால் நல்லது. செத்த குதிரையானால் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், நிணநீர்க்கணு என்று கேட்பார்கள்.

பிசிஆர் 'இல்லை' என்றால் நிம்மதியாக இருக்கலாமா? – ஜெ. அந்தோணி, தூத்துக்குடி

எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் பிசிஆர் தேடும். 2015-ல் குயின்ஸ்லாந்தில் ஒரு குதிரை ஹெண்ட்ரா மாதிரியே எல்லா அறிகுறியோடும் செத்தது, வழக்கமான சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை. சில வருஷம் கழித்து, அந்தக் குதிரையிடமிருந்து சேமித்து வைத்த சோதனை மாதிரியை எடுத்து மரபணு வரிசையைப் படித்தபோது, அது ஹெண்ட்ராவின் இன்னொரு வகை என்று தெரிந்தது. அதற்கென்று புதுச் சோதனை செய்த பிறகு, 2021-ல் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் அருகே இறந்த குதிரையில் அந்த வகை பிடிபட்டது. ஆகவே அறிகுறி ஒன்று சொல்லி, ஆய்வகத் தாள் வேறு சொன்னால், நான் அறிகுறி பக்கம்தான். மாதிரியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

குதிரை திடீரென்று செத்தால் நாமே அறுத்துப் பார்க்கலாமா? – பெயர் வேண்டாம், ஊட்டி

வேண்டவே வேண்டாம். ஹெண்ட்ரா தொற்றிய மனிதர்கள் 7 பேர், இறந்தவர்கள் 4 பேர். அதில் இருவர் கால்நடை மருத்துவர்கள். எல்லாருக்குமே குதிரையிடமிருந்துதான் வந்தது. பழந்தின்னி வௌவாலிலிருந்து குதிரைக்கு வரும் இந்த வைரஸ் இதுவரை ஆஸ்திரேலியாவைத் தாண்டவில்லை, சரி. ஆனால் இதன் பங்காளி நிபா 2018-ல் கோழிக்கோட்டுக்கே வந்துவிட்டது. குதிரைக்கு, மனிதருக்கும் தொற்றக்கூடிய ஆந்த்ராக்ஸும் (அடைப்பான் நோய்) வரும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள், அதுவரை குதிரையின் வாய், மூக்குப் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள்.