காயமும் நோயும் கண்ட செல்லப்பிராணிகள்: கேள்வி பதில்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நாய், பூனை வளர்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு மிருக வைத்தியர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானோர் கேட்டிருப்பது மூலிகை, எண்ணெய், உணவு, அக்குபங்சர் போன்றவற்றால் பிராணியைக் குணப்படுத்த முடியுமா என்பதையே.

வெள்ளவத்தை: எங்கள் நாயை ஓட்டோ மோதிவிட்டது. பின்னங்காலை ஊன்ற மறுக்கிறது. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போடலாமா, டொக்டர்?

முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாகனம் மோதிய நாயில் கண்ணுக்குத் தெரிவது காலாக இருந்தாலும், நெஞ்சிலோ சிறுநீர்ப்பையிலோ ஏற்பட்ட சேதமே உயிரைப் பறிக்கும். முரசை (பல்லீறை) விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாகாவிட்டால், அல்லது முரசு முன்பே வெளிறியிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். எலும்பு முறிந்த இடத்தில் எண்ணெய் பூசி உருவினால் முறிந்த முனைகள் சதையைக் கிழிக்கும். இறுக்கிய கட்டு குருதியோட்டத்தைத் தடுத்துப் பாதத்தையே அழுகச் செய்யும். முறிவு இல்லை, வெறும் சுளுக்கு என்று உறுதியானால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பதும், அதன்பின் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுப்பதும், மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவதும் மிகுந்த பலன் தரும்.

கொட்டாஞ்சேனை: கடுவன் பூனை மண் தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது, சலம் போகவில்லை. பொல்பலா அவித்துக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இதை வாசித்தவுடன் பூனையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிக ஒடுக்கமானது. படிகங்களோ சளிக்கட்டியோ அதை அடைத்துவிட்டால் சிறுநீர்ப்பை கல்லாக இறுகி, ஓரிரு நாட்களுக்குள் குருதியில் பொற்றாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். பொல்பலா நம் வீடுகளில் நன்கு அறியப்பட்ட மூலிகைதான், ஆனால் வாயில் அடைபட்ட பைக்குள் இன்னும் நீரைச் சேர்ப்பதால் பூனையின் வேதனை கூடுமே தவிரக் குறையாது. வைத்தியர் குழாய் செலுத்தி அடைப்பை நீக்கியபின், நீங்கள் விரும்பும் முழுமையான பராமரிப்புக்கு இந்த நோயில் நிறையவே இடமுண்டு. உலர் உணவைக் குறைத்து ஈரமான உணவைக் கூட்டுங்கள். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். பூனை ஒளிந்துகொள்ள அமைதியான ஒரு மூலை கொடுங்கள். அடைப்பில்லாத சிறுநீர்ப்பை அழற்சிகளிலும் மனஅழுத்தத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதால், பக்கத்துக் கட்டட வேலையின் சத்தமும், புதிதாக வந்த இன்னொரு பூனையும்கூட நோயின் காரணங்களில் சேரும் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தெஹிவளை: எங்கள் ஒழுங்கையில் உள்ள நாயின் காதடியில் புழுப் புண். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகிறோம். சிலர் கர்ப்பூரமும் மண்ணெண்ணெயும் போடச் சொல்கிறார்கள்.

மண்ணெண்ணெய் சதையைச் சுடும்; கர்ப்பூரம் தோலினூடாக உட்சென்று வலிப்பை உண்டாக்கும்; இரண்டையும் தவிருங்கள். மஞ்சள் விழுது காய்ந்து மேலே ஓடுபோல் மூடிக்கொள்ள, புழுக்கள் அடியில் ஆழமாகத் துளைத்துச் செல்லும், புண்ணின் சிவப்பும் தெரியாமற் போகும். கொதித்தாறிய அரை லீட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, சுற்றியுள்ள மயிரை வெட்டி, புழுக்களை இடுக்கியால் எடுக்க வேண்டும். நாய் வலியால் கடிக்கக்கூடும் என்பதால் இதை வைத்தியர் செய்வதே நல்லது. புண் சுத்தமானபின் தேன் உண்மையிலேயே வேலை செய்யும், ஏனெனில் அதன் செறிந்த சீனி நீரை உறிஞ்சிக் கிருமிகளை வளரவிடாது. ஆனால் தெருவோரப் போத்தல் தேனில் சீனிப்பாகு கலந்திருக்கலாம். காயத்துக்கென்று சுத்திகரித்த தேனையே வாங்குங்கள்.

வத்தளை: உண்ணிக் காய்ச்சலுக்குப் பப்பாசி இலைச் சாறு போதுமா?

போதாது. உண்ணி கடத்தும் ஏர்லிக்கியா கிருமி, குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகளைக் குறைக்கும். உண்ணி கடத்தும் இன்னொரு கிருமியான பபீசியா சிவப்பணுக்களையே உடைக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் குருதிப் பரிசோதனை அவசியம். ஏர்லிக்கியாவுக்குரிய டொக்சிசைக்கிளினை ஏறத்தாழ நான்கு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும்; நாய் துள்ளத் தொடங்கியதும் பாதியில் நிறுத்துவோர் பலர், அப்படிச் செய்யாதீர்கள். ஏற்கெனவே உண்ணாமல் கிடக்கும் நாய்க்குக் கசப்புச் சாற்றைப் புகட்டினால் அது வாந்தியே எடுக்கும். உண்ணியை விரட்ட உள்ளியும் கொடுக்க வேண்டாம். உள்ளியும் வெங்காயமும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

மட்டக்குளி: பூனைக்குக் காய்ச்சல். கால்வாசிப் பனடோல் கொடுக்கலாமா? தைலம் தடவலாமா?

இரண்டுமே வேண்டாம். பனடோலிலுள்ள பரசிற்றமோலைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கால்வாசி மாத்திரையும் உயிராபத்தானது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், முரசு பழுப்பாவதற்கோ முகம் வீங்குவதற்கோ காத்திராமல் உடனே கொண்டுசெல்லுங்கள். யூக்கலிப்டஸ், கர்ப்பூரம் கலந்த தைலங்களைப் பூனை நக்கியே விழுங்கிவிடும்.

பம்பலப்பிட்டி: தொடர்மாடியில் வளரும் பன்னிரண்டு வயது லாப்ரடோர் எழும்பவே சிரமப்படுகிறது. அக்குபங்சர், கடலில் நீந்தவிடுதல் உதவுமா?

முதுமை மூட்டுவாதத்தில் எடைக் குறைப்பை விஞ்சிய துணை வைத்தியம் இல்லை. விலாவைத் தடவும்போது எலும்புகள் எளிதாகக் கையில் தட்டுப்பட வேண்டும். மீனெண்ணெயிலுள்ள ஒமேகா மூன்று அழற்சியைக் குறைக்கும். அளவை எடைக்கேற்ப வைத்தியரிடம் கேளுங்கள். வழுக்கும் தரையோட்டில் இறப்பர் விரிப்பைப் போட்டாலே பல நாய்கள் அன்றே எழும்பி நடக்கும். பயிற்சி பெற்ற மிருக வைத்தியர் செய்யும் அக்குபங்சர் சில நாய்களில் நாட்பட்ட வலியைத் தணிக்கிறது, ஆயினும் வலிநிவாரணியுடன் சேர்த்தே அதைப் பயன்படுத்துங்கள். நீச்சல் மூட்டுக்கு நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் நம் கடல் கொந்தளிப்பதால் அம்மாதங்களில் நீந்தவிட வேண்டாம். அதற்குப் பதிலாக விடியற்காலையில் ஈரமணலில் மெதுவாக நடத்திச் செல்லுங்கள்.

கிருலப்பனை: தெரு நாய் எங்கள் நாயைக் கடித்துவிட்டது. மூலிகைப் பத்துப் போட்டால் விஷம் இறங்குமா?

விசர்நோய்க்கு மூலிகை இல்லை. அறிகுறி தோன்றியபின் எந்த மருந்தும் இல்லை. கையுறை அணிந்து, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் புண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசி அட்டையுடன் இன்றே மிருக வைத்தியரிடம் போங்கள். கடித்த நாயின் உமிழ்நீர் உங்கள் கையிலிருந்த கீறலில் பட்டிருந்தால் அரச வைத்தியசாலைக்கு நீங்களும் போக வேண்டும்.