சதுர அடிக் கணக்கில் அடங்காத வேலை

கேள்வி: கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள் நான். வீடு சேலம் கன்னங்குறிச்சியில். படிப்பு முடிந்ததிலிருந்து பள்ளிச் சுவர்களிலும் மண்டபங்களிலும் படம் வரைந்து வருகிறேன். இப்போது ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்காரர் 40 அடிக்கு 12 அடி சுவரில் ஓவியமும், வாசல் புல்வெளியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சிற்பமும் கேட்கிறார். "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்கிறார். என்ன சொல்வது? சேலத்தில் இருந்தபடியே இதைத் தொழிலாக நடத்த முடியுமா, இல்லை சென்னைக்குப் போய்விட வேண்டுமா?

பதில்: சதுர அடி ரேட்டை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். சுவர் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். சில மாதத்தில் அதன் மேல் வெள்ளையடித்து அடுத்த விளம்பரம் எழுதிவிடுவார்கள். உங்கள் ஓவியம் வருடக்கணக்கில் நிற்க வேண்டியது. அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் உங்களைக் கூப்பிடப் போகிறார்.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 480 சதுர அடிச் சுவர். நல்ல வெளிப்புற எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 50 முதல் 60 சதுர அடி வரை வரும். ஆக எட்டுப் பத்து லிட்டர்தான். பல நிறம் வாங்குவதால் வீணாவதைச் சேர்த்தாலும் பெயின்ட் செலவு பெரிய தொகை ஆகாது. விடுதிக்காரரின் கண்ணில் படுவது அந்த டப்பாக்கள் மட்டுமே. சாரம் கட்டும் வாடகை, சுவரைச் சுரண்டிப் பூசும் கொத்தனார் கூலி, சாமான்களை மலைக்கு ஏற்றும் வண்டி, உதவியாளரின் சம்பளமும் சாப்பாடும், மூடுபனி இறங்கித் தூரிகையைத் தொட முடியாத நாளின் கூலி, எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் உட்கார்ந்து வரைந்து திருத்திய வடிவம், இவை எதுவும் அவருக்குத் தெரியாது. கொட்டேஷனில் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதுங்கள். வடிவமைப்புக் கட்டணத்தைக் கட்டாயம் தனியாகப் போட்டு, மாதிரிப் படத்தைக் கையில் கொடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். அவர் பேரம் பேசினால் எந்த வரியைக் குறைப்பது என்று இருவரும் பார்த்துப் பேசலாம். மொத்தமாக ஒரே தொகை சொன்னால் வெட்டு விழுவது உங்கள் உழைப்பில்தான்.

அடுத்தது சுவர். ஏற்காட்டில் பல கட்டடங்கள் சரிவை வெட்டி நிற்பவை. சுவரின் பின்பக்கம் மண் இருக்கும், மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். அந்த ஈரம் பின்னாலிருந்து வரும்போது எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் கொப்பளித்து உரியும். போய்ப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல் உப்புப் பூத்திருக்கிறதா? அடிப்பக்கம் பச்சைப் பாசி படிந்திருக்கிறதா? தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா, விட்டிருந்தால் அவை அடைத்துக் கிடக்கின்றனவா? பிறகு இரண்டடிக்கு இரண்டடி தடித்த பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். எடுக்கும்போது தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் அந்தச் சுவர் ஓவியத்துக்கு ஆகாது. இந்தச் சோதனையைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்திலாவது செய்யுங்கள். சுவர் புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது ஆற வேண்டும். பச்சைச் சிமென்ட்டின் காரம் நிறங்களைத் தின்றுவிடும். உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும்.

சுவர் தேறவில்லை என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சிற்பம் படித்தவர் என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஓவியத்துக்குப் பதிலாக, சுவரிலிருந்து உருவம் மேலெழுந்து நிற்கும் சிமென்ட் புடைப்புச் சிற்பம் செய்யலாம். சேலம் சுற்றுவட்டாரத்து கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் ஒதுக்கிப் போட்ட துண்டுகளைக் கொண்டு மொசைக் செய்யலாம். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்தும் உலோகத் தகடுகள் இன்னும் நல்லது, காற்று பின்னால் ஓடும். என்னைக் கேட்டால் ஏற்காட்டு ஈரத்தில் பெயின்ட்டைவிட இவற்றைத்தான் நம்புவேன். பெயின்ட்டே வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால், காவி, மஞ்சள் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்களை அடித்தளமாக வையுங்கள். வெயிலுக்கு அவை சளைக்காது. பளிச்சென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும்தான் முதலில் வெளிறும்.

சிற்பத்துக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 தரம் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். பட்டறைக்காரர் விலை குறைவான 202-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார். மலை ஈரத்தில் ஓரிரு மழைக்காலத்திலேயே அதில் பழுப்புக் கறை தெரியும். வெல்டிங் வைத்த இடத்தின் கருகலை ஆசிட் பேஸ்ட் போட்டு எடுக்காவிட்டால் 304-ம் அங்கே துருப்பிடிக்கும். குழாய்களைக் கொண்டு செய்தால் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள், இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வேண்டும். புல்வெளியில் நிற்கும் எதன் மீதும் குழந்தைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள், அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் போட்டோவுக்கு ஏறுவார்கள். ஆகவே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு பெரியவர் தொங்கினாலும் தாங்குகிற மாதிரி அடித்தளமும் போல்ட்டும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து வாங்குங்கள், அந்தக் கட்டணத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள். சிற்பம் வளாகத்துக்குள் நிற்பது நல்லதாயிற்று. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. சாலைகளை அழகுபடுத்தும் பணிகளுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், வாசலைத் தாண்டிச் சாலையோரம் வைக்கலாமே என்று அவர் ஆசைப்பட்டால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இனி ஒப்பந்தம். நம் கலைஞர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே போய்ச் சேரும். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை, அதன் உரிமை பொதுவாகச் சிற்பியிடமே தங்கும். ஒரே விடுதி, ஒரே கை, ஆனால் சுவருக்கு ஒரு சட்டம், புல்வெளிக்கு ஒரு சட்டம்! அரசு, மாநகராட்சி வேலைகளிலும் எழுதி வைக்காவிட்டால் உரிமை அவர்களுக்குத்தான். எனவே "பதிப்புரிமை கலைஞருக்கே உரியது, விடுதி தன் விளம்பரத்துக்குப் படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் உங்கள் ஓவியம் நாளை காபிக் கோப்பையிலும் டீ-ஷர்ட்டிலும் விற்கும், உங்களுக்கு ஒரு பைசா வராது.

உரிமையை விற்றாலும் போகாத ஒன்று 57-ஆம் பிரிவில் இருக்கிறது: இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், அதைச் சிதைத்து உங்கள் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கவும் உள்ள உரிமை. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. சேதமடைந்த அதற்காக அவர் வழக்காடினார். 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தின் மிச்சத்தை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. இவ்வளவு காலம் காத்திருக்க நம்மால் ஆகாது. அதனால் சுவரை இடிக்கவோ வண்ணம் மாற்றவோ நினைத்தால் 60 நாள் முன்பு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், உங்கள் பெயர் ஒரு மூலையில் நிரந்தரமாக இருக்கும் என்றும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

பணத்தைத் தவணையாகப் பிரியுங்கள். கையெழுத்தானதும் 40 சதவீதம், சாரம் ஏறியதும் 30, முடிந்ததும் 25, ஒரு மழைக்காலம் கடந்து பார்த்தபின் 5. கடைசி 5 சதவீதம் உங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை வர உதவும். வருமான வரிப் பிடித்தம் ஒப்பந்த வேலை என்றால் தனிநபருக்கு 1 சதவீதம், தொழில்முறைக் கட்டணம் என்றால் 10 சதவீதம். எதன் கீழ் பிடிக்கப் போகிறார் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சென்னையா, சேலமா? சேலத்திலேயே இருங்கள் என்பேன். சென்னையில் கண்ணகி நகர் போல அடுக்குமாடிச் சுவர்களையே ஓவியமாக்கிய திட்டங்கள் உண்டு, தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் சிற்பக் கூடமும் உண்டு. அவற்றுக்கு விண்ணப்பியுங்கள், போய் வாருங்கள். ஆனால் சிற்பிக்கு வேண்டிய வெல்டிங் பட்டறை, கிரானைட், பழைய இரும்பு எல்லாம் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் கிடைக்கிறது, வாடகையும் குறைவு. புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் சிலை எழும்பியதும் இந்த மாவட்டத்தில்தான். கம்பி கட்டிச் சிமென்ட்டில் உருவம் எடுக்கும் சுதை வேலைக்காரர்களிடம் கொஞ்ச காலம் வேலை பாருங்கள். வெளியில் நிற்கும் உருவத்தில் எடை எங்கே இறங்குகிறது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களுக்கு முன் ஒரு பகல் உட்கார்ந்து வரைந்தும் பாருங்கள். கூட்டம் நெருக்கும் இடத்தில் புடைப்பின் ஆழத்தை எங்கே கூட்டினார்கள், எங்கே அடக்கினார்கள் என்பது புரியும்.

தொடக்க வருடங்களில் இது மட்டும் சோறு போடாது. கோயில் வேலை, திரைப்பட செட், ஓவிய வகுப்பு எதுவானாலும் பக்கத்தில் ஒன்று ஓடட்டும். அதில் கவுரவக் குறைவு எதுவும் இல்லை. வருடத்துக்குப் பத்துச் சுவர் அவசரமாக வரைவதைவிட இரண்டு நல்ல இடங்கள் போதும். முடித்த ஒவ்வொரு வேலையையும் அன்றைக்குப் படம் எடுங்கள், வருடா வருடம் அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள். ஐந்து வருடம் கழித்தும் நிறம் மாறாத சுவரைக் காட்டுகிறவரிடம் பேரம் அதிகம் நடக்காது.

விடுதிக்காரர் மே மாத மலர்க் கண்காட்சிக்குள் முடித்துத் தரச் சொல்வார். ஏப்ரலிலேயே மலையில் கோடை மழை பிடித்துவிடும், ஆகவே பெயின்ட் வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஐப்பசி மழையில் ஒருமுறை மேலே போய்ச் சுவர் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, அப்போதே கையெழுத்து வாங்கிவிட்டு, கார்த்திகை, மார்கழியில் சிற்பத்தைச் சேலத்துப் பட்டறையில் முடித்துவையுங்கள். தை பிறந்ததும் சாரம் கட்டலாம்.