மூப்பரும் பதினாறு வீடுகளும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஒன்பது வருடமாக ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். இங்குள்ள சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து சபைக்குத்தான் போகிறோம். எங்கள் சபையையும் பக்கத்துச் சபையையும் ஒன்றாக்கி, ஒரு கோயில் கட்டடத்தை மூடிவிட்டார்கள். போன வருடம் என்னை மூப்பராக ஏற்படுத்திக் கையில் நான் கவனிக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். 16 வீடு, 27 பெயர். அதில் ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கும் முகம் ஐந்துதான். சபையின் ரோலில் (உறுப்பினர் பட்டியலில்) 140 பேர். ஆராதனைக்கு 35 பேர் வந்தால் அதிகம்.

செஷனில், அதாவது போதகரும் மூப்பர்களும் கூடும் குழுவில், இப்போது சபையைப் புதுப்பிப்பது பற்றித்தான் பேச்சு. மூன்று நாள் சிறப்புக் கூட்டம் வைக்கலாம் என்கிறார் ஒருவர். எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்ப்பணிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும் என்கிறார் இன்னொருவர். நம் ஊரில் என்றால் கன்வென்ஷன் வைத்து, கடைசி நாள் அசனம் (சபை விருந்து) போட்டிருப்போம். லூயிஸ் தீவு எழுப்புதலைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். அதே நாட்டில் இன்று இந்த நிலை. எங்கிருந்து தொடங்குவது? இங்குள்ளவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவும் கூச்சமாக இருக்கிறது.

ஜே.

அன்புள்ள ஜே.,

ஸ்தோத்திரம். கூட்டத்தையும் படிவத்தையும் ஒரு வருடம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். புதுப்பிக்கும் வேலைக்குத் தேவையான கருவியை உங்கள் சபை ஏற்கெனவே உங்களிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பதினாறு வீட்டுப் பட்டியல்தான் அது.

நம் சி.எஸ்.ஐ. வழக்கில் பிரஸ்பிட்டர் என்றால் போதகர். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்றே பொருள், பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர் வந்ததும் அதிலிருந்துதான். அந்த முறைமையில் சபையின் ஆவிக்குரிய கண்காணிப்பு போதகர் ஒருவரின் பொறுப்பு கிடையாது; போதகரும் மூப்பர்களும் சேர்ந்த செஷனுடையது. உங்கள் தாத்தா காலத்து எஸ்.ஐ.யூ.சி.யிலும் (தென்னிந்திய ஐக்கிய சபை) இந்த இரத்தம் உண்டு. 1908இல் தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷன் சபைகளும் மதராஸின் ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் அதில்தான் ஒன்றாயின. ஆகையால் நீங்கள் அங்கே அந்நியர் இல்லை.

லூயிஸ் தீவு விஷயத்துக்கு வருகிறேன். 1949இல் பார்வஸ் ஊரில் இரண்டு வயதான சகோதரிகள் ஜெபித்தார்கள், டங்கன் கேம்பெல் வந்து பிரசங்கித்தார், தீவு அசைந்தது என்றுதான் நமக்குச் சொல்லப்படுகிறது. அது நடந்ததுதான். ஆனால் அந்தத் தீவின் வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோயிருக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு 107 கேள்விகள் கொண்ட ‘சிறிய வினாவிடை’ என்ற விசுவாசப் பாடம் மனப்பாடமாகத் தெரியும். வாரநாள் ஜெபக்கூட்டம் உண்டு, மூப்பர்கள் அதில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். அடுக்கி உலர்ந்த விறகில் பற்றிய நெருப்பு அது. உங்கள் ஊரில் விறகு இன்னும் அடுக்கப்படவில்லை. மூன்று நாள் கூட்டம் போட்டால் அந்த 35 பேரே மூன்று நாளும் வருவார்கள், நான்காம் நாள் களைத்துப்போவார்கள்.

ஸ்காட்லாந்தில் பெரிய எழுப்புதல்கள் எந்தச் சமயத்தில் வந்தன என்று பாருங்கள். 1630 ஜூன் 21, ஷாட்ஸ் என்ற ஊர். ஜான் லிவிங்ஸ்டன் பிரசங்கித்த அந்த நாள், திருவிருந்து ஞாயிறுக்கு மறுநாளான திங்கட்கிழமை, நன்றி செலுத்தும் ஆராதனை. 1742இல் கேம்பஸ்லாங்கில் பல்லாயிரம் பேர் கூடியதும் ஜூலை, ஆகஸ்ட் மாதத் திருவிருந்துகளுக்குத்தான். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் திருவிருந்து என்றால் ஐந்து நாள் காரியம். வியாழன் உபவாசம், வெள்ளி கேள்வி நாள், சனி ஆயத்தம், ஞாயிறு பந்தி, திங்கள் நன்றி. அதற்கும் முன்பே மூப்பர் வீடு வீடாகப் போயிருப்பார். ஆயத்தமானவர் கையில் ஈயத்தில் வார்த்த ஒரு சின்ன வில்லை கொடுக்கப்படும். விரல் நுனி அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் வருடமும் பதித்திருக்கும். அதைப் பந்தியில் மூப்பரிடம் கொடுத்தால்தான் அப்பமும் இரசமும். 19ஆம் நூற்றாண்டில் வில்லை போய் அச்சடித்த அட்டை வந்தது. உங்கள் சபையில் ‘கம்யூனியன் கார்டு’ என்று சொல்வார்களே, திருவிருந்துச் சீட்டு, அது இந்த ஈய வில்லையின் பேரப்பிள்ளை.

அந்த அட்டை எங்கே கெட்டது என்றால், மூப்பர் அதைக் கதவிலுள்ள கடிதத் துளையில் போட்டுவிட்டு நடையைக் கட்டினாரே, அங்கேதான். நேரில் பார்த்து, உட்கார்ந்து, ஆத்தும நலம் விசாரிக்கவென்று ஏற்பட்ட ஒரு சாக்கு தபால் வேலையாகிப்போனது. 1950களின் நடுவில் 13 லட்சத்தைத் தாண்டியிருந்த சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் உறுப்பினர் எண்ணிக்கை இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு மூப்பர் தன் கையால் சரிசெய்யக்கூடிய காரணம் இதுதான்.

நான் சொல்லும் முறை இது. ஸ்காட்லாந்துச் சீர்திருத்தச் சபையின் 1560இன் ஒழுங்குப் புத்தகம் பட்டணங்களில் வருடத்துக்கு நான்கு திருவிருந்து வைத்தது: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறுகள். பல சபைகளில் இன்றும் இதை ஒட்டித்தான் நடக்கிறது. மார்ச் திருவிருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு வீடு என்றால் பதினாறு வீட்டுக்கு எட்டு வாரம். அதற்கு மேல் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் வாரம் ஆறு வீடு போய், மூன்றாம் வாரத்தோடு நின்றுபோகும் மூப்பர்கள்தான் அதிகம். பாதியில் நின்றால், வருவார் என்று காத்திருந்த வீட்டுக்கு அது இன்னொரு கைவிடல்.

முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள். நம் ஊர் மாதிரி “சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” அங்கே எடுபடாது. இரண்டு நாள் முன்பு போன் செய்து, திருவிருந்துச் சீட்டைக் கையில் கொடுக்க வரலாமா, அரைமணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். முதல் சுற்றில் இன்னொரு மூப்பரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. சபையின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரிடம் விதிமுறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீடுகள் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும்.

உள்ளே போனதும் சபைப் பேச்சை எடுக்க வேண்டாம். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “கடைசியாக எப்போது திருவிருந்துக்கு வந்தீர்கள், அதற்குப் பிறகு எது தடுத்தது?” பதில் பெரும்பாலும் நீங்கள் நினைப்பது மாதிரி இருக்காது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்பவர் குறைவு. காது கேட்கவில்லை, காதுக்கருவிக்கான லூப் வேலை செய்யவில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்பார்கள். படி ஏற முடியவில்லை என்பார்கள். விவாகரத்து ஆனபிறகு முகம் காட்ட மனமில்லை என்று ஒருவர் சொல்லலாம். மூடிய கோயிலைச் சேர்ந்தவர்களோ, என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடம், என் கணவரை எடுத்துப்போன இடம் என்று சொல்லிக் கண்கலங்குவார்கள். இதற்குச் சமாதானம் சொல்ல முயலாதீர்கள். அந்தக் கோயிலின் திருவிருந்துப் பாத்திரமோ ஞானஸ்நானத் தொட்டியோ எங்கே இருக்கிறது என்று விசாரித்து, மார்ச் ஞாயிறு அதைப் பயன்படுத்தும்படி செஷனில் கேளுங்கள். பூட்டிய அலமாரியிலிருந்து அந்த வெள்ளிக் கிண்ணம் மேசைக்கு வருவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் 23ஆம் சங்கீதம் அல்லது 121. அங்கே 1650இன் செய்யுள் சங்கீதப் புத்தகத்திலிருந்து இவை இரண்டும் வயதானவர்களுக்கு மனப்பாடம். நீங்கள் முதல் அடியைத் தொடங்கினால் அவர்களே முடிப்பார்கள். பிறகு இரண்டே நிமிட ஜெபம். சீட்டைக் கையில் கொடுங்கள். முதல் வருகையில் காணிக்கைப் பேச்சு, கட்டடச் செலவு, ரோலிலிருந்து பெயர் நீக்கம், மூன்றும் வேண்டாம். வருடாந்திர ரோல் திருத்தம் வந்தால், போய்ப் பார்க்காத வீட்டின் பெயரில் கோடு போடக் கூடாது என்று செஷனிலும் உறுதியாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் மூன்று வரி: தேதி, தடை, ஜெபக் குறிப்பு. நோயும் குடும்பச் சிக்கலும் வாட்ஸாப் குழுவுக்குப் போகக் கூடாது. அங்கே தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்பது ஒருபுறம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வம்பு பரவிய சபையில் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதே பெரிய காரணம்.

செஷன் கூட்டத்தில் ஒரு மாற்றம் வேண்டும். கூரை ஒழுகலும் பாய்லரும் முதலில் வந்தால் இரவு ஒன்பதரை வரை அதுவே ஓடும். முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு மூப்பரும் தன் பகுதியைப் பற்றி இரண்டிரண்டு நிமிடம் சொல்லட்டும்: எத்தனை வீடு போனோம், எது தடை, எதை நாம் சரிசெய்ய முடியும். லூப்பைப் பழுதுபார்ப்பதும் வண்டி ஏற்பாடு செய்வதும் அப்போதே முடிவாகட்டும். கிளாஸ்கோவின் செயின்ட் ஜான்ஸ் பங்கில் 1819 முதல் 1823 வரை தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர் செய்தது இதைத்தான். பத்தாயிரம் பேர் கொண்ட ஏழைப் பகுதியை 25 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூப்பரையும் ஒரு உதவிக்காரரையும் வைத்தார். மூப்பருக்கு ஆத்தும காரியம், உதவிக்காரருக்கு அரிசி பருப்புக் காரியம். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் வயிற்றுக் காரியம் ஆத்தும காரியத்தை விழுங்கிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு துணை கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. கேள்வி நாளில் போதகர் பிரசங்கிப்பதில்லை. சபையாரில் ஒருவர் எழுந்து ஒரு வசனத்தைச் சொல்லி, உண்மையான கிருபைக்கு அடையாளம் என்ன என்று கேட்பார். படகோட்டி, ஆட்டுக்காரர், நெசவாளி என்று மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் அறிந்ததிலிருந்து பேசுவார்கள். போதகர் தொடங்கிவைத்து, கடைசியில் முடித்துவைப்பார். இத்தனை நாள் அமைதியாக உட்கார்ந்திருந்த உங்கள் 35 பேருக்கு இதுதான் மருந்து என்று நம்புகிறேன். பழைய வடிவம் ஆண்களுக்கே உரியது. 1966 முதல் பெண்களும் மூப்பர்களாக இருக்கும் சபை உங்களுடையது, ஆகவே எல்லாரும் பேசட்டும். திருவிருந்துக்கு முந்தைய வெள்ளி மாலை, ஒரு மணி நேரம், ஒரு வசனம், ஆளுக்கு நான்கு நிமிடம். யாரும் பேசாவிட்டால் மௌனமாக இருங்கள். மௌனத்தை நிரப்பப் போதகரை விடாதீர்கள், அவர் ஆரம்பித்தால் அது பிரசங்கமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆயத்தம் வேலியாகவும் மாறும். மலைநாட்டுப் பகுதிகளில் ஆயுள் முழுக்க ஆராதனைக்கு வந்தும் “நான் தகுதியில்லை” என்று பந்திக்கு வராமலே செத்துப்போனவர்கள் ஏராளம். “தன்னைத்தானே சோதித்தறிந்து” என்று எழுதிய பவுல், அதே வரியில் புசிக்கவும் பானம்பண்ணவும் சொல்கிறார். அந்த விவாகரத்தானவர் வீட்டில் இதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சூப். அசனத்துக்கு அங்கே அதுதான் நிகர். 40 பேருக்கு ஆளுக்கு 300 மில்லி வீதம் 12 லிட்டர்: மைசூர்ப் பருப்பு இரண்டு கிலோ, கேரட் இரண்டு கிலோ, வெங்காயம் ஒன்றரை கிலோ. பன்றித் தொடை எலும்பு போட்டுக் கொதிக்கவைப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு பானையாவது அது இல்லாமல் இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் ஸ்டாக் கட்டியில் பெரும்பாலும் செலரி இருக்கும். அது பிரிட்டனின் 14 ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று, மேசையில் எழுதி வையுங்கள். முக்கியமானது இருக்கை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு உட்கார்ந்துவிட்டால் எட்டு வார உழைப்பும் வீண். ஒவ்வொரு மூப்பரும் தன் பகுதியாரோடு ஒரே மேசையில் உட்காரட்டும். வர முடியாதவர்களுக்கு அந்த வாரமே போதகர் வீட்டில் திருவிருந்து கொடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். சீட்டு வாங்கியும் வராதவர்களை மறு வாரம் போனில் விசாரியுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும்.

கையெழுத்துப் படிவம் பற்றி. நம் ஊர் பொருத்தனைக்கும் பிரஸ்பிட்டேரியனின் உடன்படிக்கைக்கும் வித்தியாசம் உண்டு. பொருத்தனையில் நாம் கேட்டது கிடைத்தால் நாம் செய்கிறோம். உடன்படிக்கையில் தேவன் முந்திக்கொண்டார், நாம் பதில் சொல்கிறோம். பதில் சொல்ல வேண்டுமானால் சொல்லப்பட்டது முதலில் காதில் விழ வேண்டும். ஆகவே நான்கு திருவிருந்துகள் இப்படிக் கடந்தபின், ஞானஸ்நானத்தின் வாக்குகளை எல்லாரும் எழுந்து நின்று புதுப்பிக்கும் ஒரு ஆராதனை வையுங்கள். அப்போது படிவம் தேவையா என்று அவர்களே சொல்வார்கள்.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அந்த ஊரின் பழைய சண்டைகளில் எந்தப் பக்கமும் இல்லாதவர். எந்தக் கோயிலை மூடுவது என்பதில் மனம் முறிந்த இரண்டு தரப்பும் உங்களுக்குக் கதவைத் திறக்கும். இன்னொரு மூப்பருக்குத் திறக்காமல் போகலாம். தெரிந்த ஐந்து முகங்களைக் கடைசிக்கு வைத்து, மூடிய கோயிலின் ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே போன் செய்துவிடுங்கள். நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம் அது, சாயங்காலம் வேண்டாம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போங்கள்.